வெள்ளச்சியின் கண்ணுக்குள் ஒரு புழு

போன மார்கழி தொடக்கத்தில் ஒரு விடியற்காலை, ஊற வைத்த கொள்ளை எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போனேன். வெள்ளச்சியின் வலது கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து கன்னத்து முடியெல்லாம் ஒட்டிக் கிடந்தது. இமையைப் பாதி மூடியபடி வெளிச்சத்துக்கு முகம் காட்டாமல் நின்றாள். சோளத்தட்டை குத்தியிருக்கும் என்று நினைத்தேன். அந்த ஒரு நினைப்பால் எனக்கு 3 வாரம் வீணானது, அவளுக்கு ஒரு கண்ணின் பார்வை பாதி போனது. இப்படி ஒரு நோய் இருக்கிறது என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் மறுநாளே வண்டி பிடித்திருப்பேன். குதிரை வைத்திருக்கிற வேறு யாருக்காவது உதவும் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்களுக்குப் புதுவயல் பக்கம். அப்பா காரைக்குடி ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டி ஓட்டியவர். ஜட்கா ஓய்ந்த பிறகும் குதிரையை விட மனமில்லாமல் மாப்பிள்ளை அழைப்புக்கு விட ஆரம்பித்தார். அவருக்குப் பிறகு நான். வெள்ளச்சியை 5 வருஷத்துக்கு முன் ஆடி மாதம், அந்தியூர் குருநாதசுவாமி கோவில் சந்தையில் 1,40,000 ரூபாய்க்கு வாங்கினேன். வெடிச் சத்தத்துக்கும் மேளத்துக்கும் மிரளாத பெண் குதிரை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று சுற்று வட்டாரத்தில் எங்கே கல்யாணம் நடந்தாலும் அவளைக் கேட்டு ஆள் வரும். ஒரு அழைப்புக்கு 8,000 ரூபாய். மார்கழியில் வேலை இருக்காது, தை பிறந்தால் மூச்சுவிட நேரம் இருக்காது.

அதனால் மார்கழியில் கண் கலங்கியதைப் பார்த்தபோது, தைக்குள் சரியாகிவிடும் என்ற தைரியத்தில் இருந்துவிட்டேன். முதல் நாலு நாள் உப்புத் தண்ணீரில் கழுவினேன், நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிச் சாறு விட்டேன். ஐந்தாம் நாள் மெடிக்கலில் மனுஷருக்குப் போடுகிற கண் சொட்டு மருந்து ஒன்று வாங்கினேன். போட்டதும் இரண்டு நாள் தண்ணீர் வடிவது குறைந்தது. சந்தோஷப்பட்டேன். அதில் இருந்தது ஸ்டீராய்டு என்று பிற்பாடுதான் தெரிந்தது. கருவிழியில் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு சொட்டு விட்டால் புண் ஆழமாகிக் கண்ணே உடைந்து போகலாமாம். எங்கள் நல்ல காலம், புண் இல்லை. கண் நோய் என்னவென்று மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை, கடையில் வாங்கிய எந்தச் சொட்டையும் விடாதீர்கள். வலி குறைந்த மாதிரி தெரியும், உள்ளே நோய் நடந்துகொண்டேதான் இருக்கும்.

ஒன்பதாவது நாள் கருவிழியில் நீலமும் வெள்ளையுமாகப் புகை படிந்த மாதிரி ஒரு மறைப்பு வந்தது. பக்கத்து ஊரில் மாடுகளுக்கு ஊசி போடுகிற ஒருவரைக் கூப்பிட்டேன். படித்த மருத்துவர் இல்லை, பழக்கத்தில் பார்ப்பவர். "அடி பட்டிருக்குண்ணே, ஊசி போட்டா சரியாயிரும்" என்று இரண்டு தடவை வந்து போட்டுவிட்டுப் போனார். எனக்கும் அதைக் கேட்கத்தான் பிடித்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரி, வாடகை வண்டி, செலவு என்று யோசிக்காமல் இருக்க அது ஒரு சாக்கு.

இருபதாம் நாள் ராத்திரி தூக்கம் வராமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கண்ணில் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தேன். மறைப்புக்குப் பின்னால் வெள்ளை நூல் ஒன்று கிடந்தது. முடி விழுந்திருக்கிறது என்று விரலை வைத்து ஒதுக்கப் போனேன். அது நெளிந்தது. கண்ணின் மேலே இல்லை, உள்ளே. கருவிழிக்குப் பின்னால் இருக்கிற நீரில், தேங்கிய தண்ணீரில் புழு நெளிகிற மாதிரியே நெளிந்து, வளைந்து, கண் பாப்பாவுக்குப் பின்னால் போய் மறைந்துவிட்டது. எனக்குக் கை நடுங்கி டார்ச் கீழே விழுந்தது. அங்கேயே லாயத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் குனிந்து என் தலையை மோந்து பார்த்தாள். இருபது நாளாக அந்தப் புழுவோடுதானே நின்றிருக்கிறாள் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலையில் 1962-க்குப் போன் செய்தேன். கால்நடைகளுக்கான அவசர ஊர்தி எண் அது. குதிரைக்கும் கூப்பிடலாம் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. வந்த டாக்டர் அம்மாவுக்குச் சின்ன வயசுதான். லாயத்துக் கதவைச் சாத்தச் சொல்லி, இருட்டில் சின்ன டார்ச்சை அடித்து ஒரு நிமிஷம் பார்த்தார். "அண்ணா, இது கண்புழு. மருந்து விட்டுக் கரைக்கிற விஷயம் இல்ல, எடுக்கணும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் காலேஜுக்குக் கொண்டு போங்க, இன்னைக்கே" என்றார். புழு மருந்து ஊசி போட்டால் செத்துவிடாதா என்று கேட்டேன். செத்துவிடும், ஆனால் கண்ணுக்குள்ளேயே செத்தால் அந்தப் புழு அழுகுவதால் வருகிற வீக்கம் இன்னும் மோசம் என்றார். முதலில் எடுக்க வேண்டும், அதற்கப்புறம்தான் புழு மருந்து. நல்ல வேளை, அந்த யோசனை எனக்கு முந்தைய வாரம் வரவில்லை. வந்திருந்தால் நானே வாங்கிப் போட்டிருப்பேன்.

பொலிரோ பிக்கப் ஒன்றைப் பிடித்து, தரையில் மணல் கொட்டி, அவள் கண்ணில் காற்றும் வெளிச்சமும் படாமல் கறுப்புத் துணி கட்டி ஏற்றினேன். கூட வர ஆள் இல்லை. வழியெல்லாம் பின்னால் அவளோடு நின்றுகொண்டே போனேன்.

அங்கே அவளைப் படுக்க வைக்கவில்லை. நின்றபடியே மயக்க ஊசி போட்டார்கள், தலை மெல்லத் தொங்கியது. இமை துடிக்காமல் இருக்கக் காதுக்கும் கண்ணுக்கும் நடுவில் ஒரு ஊசி, கண்ணில் மரத்துப்போகிற சொட்டு. நான் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். கருவிழியும் வெள்ளையும் சேர்கிற ஓரத்தில் ஒரு ஊசி முனையால் குத்தினார் பேராசிரியர். உள்ளே இருந்த நீர் பீய்ச்சியது, அதோடு அந்தப் புழுவும் வந்துவிட்டது. இடுக்கியில் எடுத்து ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டுக் காட்டினார்கள். என் நடுவிரலில் பாதிக்கு மேல் நீளம், தையல் நூல் கனம், அப்போதும் நெளிந்துகொண்டிருந்தது. குத்தியதிலிருந்து வெளியே வர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியேறிய நீர் தானாக ஊறிவிடுமாம். 20 நாளைக்கு முன் வந்திருந்தால் கண் கண்ணாடி மாதிரித் தெளிந்திருக்கும் என்று ஒருவர் சாதாரணமாகச் சொன்னார். அவர் குற்றம் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கும் அந்த வார்த்தை என்னை விடவில்லை.

அந்தப் புழுவின் பெயர் செட்டேரியா டிஜிடேட்டா என்று சொன்னார்கள். அது குதிரையின் புழுவே இல்லை, மாட்டின் புழு. மாட்டின் வயிற்றுக்குள், குடலுக்கு வெளியே இருக்கிற இடத்தில் வெள்ளை நூலாகக் கிடக்கும். கறிக்கடையில் மாடு அறுப்பவர்களுக்கு நன்றாகப் பழகிய புழு அது. மாட்டுக்குப் பெரும்பாலும் எந்தக் கெடுதலும் செய்யாது. அதன் குஞ்சுகள் மாட்டின் ரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஓடிக்கொண்டிருக்கும். கொசு அந்த ரத்தத்தைக் குடிக்கிறது. கொசுவுக்குள் இரண்டு மூன்று வாரம் வளர்ந்த பிறகு, அதே கொசு குதிரையைக் கடித்தால் குஞ்சு குதிரையின் உடம்புக்குள் போய்விடுகிறது. மாட்டுக்குள் போயிருந்தால் வழி தெரிந்து வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். குதிரை அதற்கு அந்நிய வீடு. வழி தவறி அலைகிறது. அலைகிறபோது கண்ணுக்குள் ஏறலாம், இல்லாவிட்டால் முதுகுத் தண்டுக்குள்ளும் மூளைக்குள்ளும் போகலாம். ஆட்டுக்கும் இதே கதிதான்.

முதுகுத் தண்டு என்று கேட்டதும் எனக்கு ராஜாவின் ஞாபகம் வந்தது. வெள்ளச்சிக்கு முன்னால் இருந்தே எங்களிடம் இருந்த கறுப்புக் குதிரை. நாலு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு நாள் பின்னங்கால் இரண்டும் பின்னிக்கொண்டு தள்ளாடியது. காய்ச்சல் இல்லை, தீனி நன்றாகத் தின்றது, நடக்கத்தான் முடியவில்லை. வாதம் என்றார்கள். எண்ணெய் தேய்த்தோம், சூடு போட்டார்கள். விழுந்தது எழவில்லை, ஆறாம் நாள் செத்துப்போனது. இதைச் சொன்னதும் பேராசிரியர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வடக்கே இதைக் கும்ரின்னு சொல்வாங்க. அதுவாவும் இருக்கலாம், வேற காரணமும் இருக்கலாம். இப்ப சொல்ல முடியாதுப்பா" என்றார். சூடு போட்டதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. பின்னங்கால் தள்ளாடினால் அந்த நாளே மருத்துவரைக் கூப்பிடுங்கள். முதுகுத் தண்டில் புழு அலைய அலைய நரம்பு அறுந்துகொண்டே வரும். ஆரம்பத்தில் மருந்து கொடுத்தால்தான் ஏதாவது பலன் உண்டு.

காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அது வேறு கதை. ஜப்பானிய மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். அதுவும் கொசு கொண்டு வருவதுதான். பெயரில்தான் ஜப்பான். 1955-லேயே நம் வேலூரில் மனிதர்களிடம் கண்டுபிடித்த நோய் அது. வயல் தண்ணீரில் முட்டையிடுகிற கியூலக்ஸ் கொசு, கொக்கிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் கிருமியை எடுத்து வருகிறது. குதிரைக்கு வந்தால் காய்ச்சல், சோர்வு, தீனி இறங்காமை, தள்ளாட்டம், சுவரில் முட்டிக்கொள்வது என்று போகும். நேரான மருந்து கிடையாது, தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். ஜப்பானில் பந்தயக் குதிரைகளுக்குத் தடுப்பூசியே போடுகிறார்கள். குதிரையிடமிருந்து மனிதனுக்கு இது வராது. குதிரையின் ரத்தத்தில் அந்தக் கிருமி அடுத்த கொசுவுக்குத் தொற்றுகிற அளவுக்குப் பெருகுவதில்லை. ஆனால் குதிரையைக் கடித்த அதே கூட்டத்துக் கொசுதான் வீட்டுப் பிள்ளைகளையும் கடிக்கிறது. குதிரைக்கு வந்திருக்கிறது என்றால் பிள்ளைகளை நினைத்தும் பயப்பட வேண்டும். அதனால் மறைக்காமல் கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். சொட்டு மருந்துக்கும் நாட்டு வைத்தியத்துக்கும் 1,900, ஊசி போட வந்தவருக்கு 3,000, ஒரத்தநாட்டுக்கு மூன்று தடவை வண்டி வாடகை 19,500, அதற்கப்புறம் வாங்கிய மருந்துகள் 4,200. கல்லூரியில் கட்டிய தொகை கணக்கில் சேர்க்கிற அளவுக்குக்கூட இல்லை. தையில் 4, மாசியில் 2 என்று விட்டுப்போன கல்யாணங்கள் 48,000. எல்லாம் சேர்த்து 76,600 ரூபாய். இதில் பாதிக்கு மேல் நான் ஒருத்தனே முடிவெடுத்துத் தள்ளிப்போட்டதால் வந்தது. முன்பணம் வாங்கிய வீடுகளுக்குப் போய்த் திருப்பிக் கொடுத்தபோது யாரும் கோபப்படவில்லை. குதிரைக்கு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார்கள்.

இனி கொசுவைப் பற்றி. வந்ததும் முதல் வேலையாக லாயத்துக்குப் பின்னால் இருந்த சாணிக் குவியலை ஆள் விட்டு அள்ளினேன், 1,200 ரூபாய். அதில் ஈதான் பெருகும், கொசு தண்ணீரில்தான் பெருகும் என்று டாக்டர் அம்மா சொன்ன பிறகுதான் தண்ணீரைத் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட எங்கே பார்த்தாலும் தண்ணீர். அவள் குடிக்கிற சிமெண்ட் தொட்டியின் அடியில், தோல் பை போட்டிருந்த மூலையில் கிடந்த டயரில், கொள்ளு ஊற வைத்து மறந்துபோன அண்டாவில் எல்லாம் கொசுப்புழு துள்ளிக்கொண்டிருந்தது. முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால் வெள்ளிக்கிழமை தோறும் தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவிக் காயவிடுகிறேன். தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, தொட்டிச் சுவரில் முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். கவிழ்க்க முடியாத பெரிய தொட்டியில் கப்பி மீன் விட்டிருக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்துக்கே உரிய இரண்டு இடங்கள் உண்டு, கவனியுங்கள். ஒன்று, பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகள். எங்கள் லாயத்தை ஒட்டிய செட்டியார் வீட்டைத் திறந்து பல வருஷமாகிறது. வளவு முற்றத்தில் மழைத் தண்ணீர் போகிற தூம்பு அடைத்து, கல்தொட்டியிலும் முற்றத்திலும் கணுக்கால் அளவு நின்றது. காவல்காரரிடம் நம்பர் வாங்கிச் சென்னையில் இருக்கிற ஆச்சிக்குப் போன் செய்தேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். ஆச்சி, "எங்க அண்ணன் கல்யாணத்துக்கு உங்க அப்பா குதிரைதான்ப்பா வந்துச்சு. சாவியை வாங்கிக்க, தூம்பைக் குத்திவிடு, என்ன செலவோ நான் அனுப்புறேன்" என்றார். பூட்டிய வீட்டுக்காரர்களைக் கேட்காமலே திட்டிக்கொண்டிருப்பதைவிட ஒரு போன் செய்து பாருங்கள். இன்னொன்று, அய்யனார் கோவில். புரவி எடுப்பில் வைத்த மண் குதிரைகள் வருஷக்கணக்கில் உடைந்து, வயிறும் காலும் திறந்து மழைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கொசுப் பானை. நேர்ந்துவிட்டதைக் கவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை. மண் குதிரை செய்கிற வேளாரிடம் போய்க் கேட்டேன். "கவுக்க வேணாம்ப்பா, உடைஞ்சதுக்குள்ள மணலைப் போட்டு நிரப்பு. சாமிக்கும் குத்தமில்ல" என்றார். இரண்டு நாள் நானும் என் மகனும் மணல் சுமந்தோம்.

அப்புறம் மாடு. பக்கத்து வீட்டு அயித்தையின் மூன்று மாடுகளும் எங்கள் லாயத்துச் சுவரை ஒட்டித்தான் கட்டுத்தறி. அவரிடம் இதை எப்படிச் சொல்வதென்று ஒரு வாரம் யோசித்தேன். உங்கள் மாட்டால்தான் என் குதிரைக்குக் கண் போனது என்று அவர் காதில் விழுந்துவிடக் கூடாது. குப்பியில் இருந்த புழுவைக் காட்டி, கொசு செய்கிற வேலை என்று சொன்னேன். பார்த்ததும் அயித்தை கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாளே கட்டுத்தறியைக் கிணற்றடிக்கு மாற்றிவிட்டார். கொசு பறந்து வரத்தான் செய்யும், ஆனாலும் மாட்டின் மேலிருந்து எழுந்து அடுத்த நிமிஷமே குதிரையில் உட்காருகிற நிலை இப்போது இல்லை. மாட்டுக்கும் மருந்து போடலாம். கறவை மாடாக இருந்தால் எந்த மருந்து, எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்பதை டாக்டரிடம் கேட்டே செய்யுங்கள்.

லாயத்தில் ஜன்னலுக்கும் கதவுக்கும் மெல்லிய நைலான் வலை அடித்தேன், 4,800. ஒரு பெரிய ஸ்டாண்ட் ஃபேன் 3,200. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் ஃபேனை வாங்குங்கள். கொசுவால் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது. வயரை மட்டும் குதிரை கடிக்காத உயரத்தில் கட்ட வேண்டும். பொழுது சாய்வதற்கு அரை மணி முன்னால் அவளை உள்ளே கட்டிவிடுகிறேன், விடிந்து வெயில் வந்த பிறகுதான் வெளியே. நொச்சி, வேப்பிலைப் புகை போடலாம், ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு போடக் கூடாது. குதிரைக்கு நெஞ்சு மெல்லிசு, புகையில் இருமல் பிடித்தால் லேசில் போகாது. குதிரை வெளியே நிற்கும்போதே புகை போட்டு, அடங்கிய பிறகு உள்ளே கட்டுங்கள். மாட்டுக்கு உண்ணி போக அடிக்கிற அமிட்ராஸ் மருந்தைக் குதிரை மேல் போட்டுவிடாதீர்கள். குதிரைக்குக் குடல் நின்று வயிற்றுவலி வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். என்னிடம் அந்தப் பாட்டில் இருந்தது, போட நினைத்தும் இருந்தேன். டாக்டர் அம்மா பார்த்துவிட்டுத் தூக்கிப் போடச் சொன்னார். புழு மருந்தும் அப்படித்தான். ஐவர்மெக்டினை எடை பார்த்து, மழைக்காலத்தில் எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கல்யாணத்துக்குப் போகிற இடத்திலும் ஆபத்து உண்டு என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. மாப்பிள்ளை அழைப்பு சாயங்காலம்தான். மண்டபத்து வாசலில், பெரும்பாலும் சாக்கடை ஓரத்தில்தான், ஒரு மணி நேரமாவது குதிரை நிற்கும். இப்போது மண்டபத்துக்குப் போனதும் காற்று அடிக்கிற இடமாகப் பார்த்து நிறுத்துகிறேன். ஜிகினாத் துணி போடும் வரை வெள்ளை வலைத் துணி ஒன்றைப் போர்த்தி வைக்கிறேன்.

வெள்ளச்சியின் மறைப்பு பாதி கரைந்து, நடுவில் ஒரு வெண்திட்டு நின்றுவிட்டது. அந்தப் பக்கம் வெளிச்சமும் நிழலும் தெரிகிறது, உருவம் தெரியவில்லை. வலது பக்கத்திலிருந்து யாராவது சத்தம் காட்டாமல் வந்தால் திடுக்கிடுகிறாள். அதனால் நான் இப்போது கடிவாளத்தை வலது பக்கமே பிடித்து, பேசிக்கொண்டே நடக்கிறேன். வைகாசியில் மறுபடி வேலைக்குப் போனோம். பள்ளத்தூரில் ஒரு வீட்டு வாசலில் வெடி வெடித்தபோது தலையை என் தோள் மேல் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். நெற்றிக் குஞ்சத்தை அந்தக் கண் மறையும்படி கொஞ்சம் இறக்கிக் கட்டியிருந்தேன். மாப்பிள்ளைப் பையன் ஏறி உட்காரும் முன் அதைக் கவனித்துவிட்டு, கண்ணுக்கு என்ன என்று கேட்டான். சொன்னேன். அவர்கள் வீட்டிலும் இரண்டு குதிரை இருக்கிறதாம், மாட்டுக் கொட்டிலுக்குள்ளேதான் கட்டுகிறார்களாம். தாலி கட்டி முடித்த கையோடு மறுநாள் காலையில் எனக்குப் போன் செய்து, ஃபேன் எந்த அளவு வாங்க வேண்டும் என்று கேட்டான்.